வரையறை தெரிகிறது, சொல் தெரிகிறதா? பிளஸ் ஒன், பிளஸ் டூ பொருளியல், மக்கள்தொகைக் கலைச்சொற்களைச் சோதிக்கும் முறை

"பணவீக்கம் என்றால் என்ன?" என்று கேட்டால் பிளஸ் டூ வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் புத்தக வரியைப் பிசகாமல் எழுதிவிடுவார்கள். அதே தாளில் இன்னொரு கேள்வியையும் வைத்துப் பாருங்கள்: "பணவீக்கம் சென்ற ஆண்டு 6 சதவீதம், இந்த ஆண்டு 4 சதவீதம். விலைவாசி ஏறியதா, இறங்கியதா?" இறங்கியது என்று எழுதுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 100 ரூபாய்க்கு விற்றது 106 ஆகி, பிறகு 110 ரூபாய் 24 காசாக ஏறியிருக்கிறது. ஏறும் வேகம்தான் குறைந்தது. முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கி இரண்டாவதில் தவறியவருக்குத் தெரிந்தது ஒரு வரி மட்டுமே. செய்தித்தாளில் அந்தச் சொல் வந்தால் அவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்.

அரசுப் பொதுத்தேர்வின் பொருளியல் தாள் 90 மதிப்பெண்ணுக்கானது. அதில் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள், மற்றவை இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் கேள்விகள். பாடம் முழுவதையும் அளப்பது அதன் வேலை. எந்த மாணவருக்கு எந்தச் சொல் எந்த இடத்தில் குழம்புகிறது என்பதை அது ஆசிரியருக்குக் காட்டாது. அதற்கு ஒரு பாடவேளைக்குள் முடியும் 30 மதிப்பெண் தாள் தனியாக வேண்டும். தவறான விடை ஒவ்வொன்றும் மாணவர் எப்படிக் குழம்பினார் என்று சொல்லும்படி அதைத் தயாரிக்கலாம்.

எந்தச் சொற்கள்

பாடத்தில் தடித்த எழுத்தில் இருப்பதையெல்லாம் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரு பருவத்துக்கு 40 சொற்கள் போதும்: பொருளியலில் 25, மக்கள்தொகையில் 15. பொறுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சொல் தெரியாவிட்டால் அடுத்த பாடம் புரியாமல் போகுமா? நாளிதழின் வணிகப் பக்கத்தில் வருகிறதா? பேச்சு வழக்கில் இதற்கு வேறு பொருள் இருக்கிறதா?

மூன்றாவதில்தான் அதிகம் கிடைக்கும். தேவை, முதலீடு, சேமிப்பு, பற்றாக்குறை, நிலம், உழைப்பு எல்லாம் மாணவர்கள் வீட்டில் தினமும் கேட்கும் சொற்கள். அதனாலேயே தெரிந்த சொற்கள் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். நகை வாங்கினாலும் பழைய வீடு வாங்கினாலும் வீட்டில் "முதலீடு" என்றுதான் சொல்வார்கள். பொருளியலில் புதிதாக இயந்திரமோ கட்டடமோ சரக்கிருப்போ உருவானால்தான் முதலீடு. ஏற்கெனவே கட்டி முடித்த வீடு கைமாறுவது அந்தக் கணக்கில் வராது. "மறைமுக வேலையின்மை" போன்ற சொல் புதிதாக இருப்பதால் மாணவர் நின்று படிப்பார். "முதலீடு" அவரை ஏமாற்றிவிடும். பட்டியலில் குறைந்தது 10 சொற்களாவது இந்த வகையில் இருக்கட்டும்.

மற்ற இடங்களை இணைச்சொற்களுக்குக் கொடுங்கள்: நிதிக்கொள்கையும் பணக்கொள்கையும், வருவாய்ப் பற்றாக்குறையும் நிதிப் பற்றாக்குறையும், வளர்ச்சியும் முன்னேற்றமும், தேவையும் தேவை அளவும், பிறப்பு வீதமும் மொத்தக் கருவள வீதமும், மக்கள்தொகையும் மக்கள்தொகை அடர்த்தியும். ஒன்றைத் தனியாகக் கேட்டால் சரியாகச் சொல்பவர்கூட இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தடுமாறுவார்.

இணையத்தில் கிடைக்கும் இலங்கை உயர்தரத் தாள்களிலிருந்து கேள்வி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தேவையைக் கேள்வி என்றும், அளிப்பை நிரம்பல் என்றும், மக்கள்தொகையைக் குடித்தொகை அல்லது சனத்தொகை என்றும் சொல்வார்கள். சொற்களை மாற்றாமல் அப்படியே கொடுத்தால் நம் மாணவருக்குக் கேள்வியே விளங்காது. அங்கே நம் தாளைப் பயன்படுத்தினாலும் இதே சிக்கல் வரும்.

பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம்

ஒரே தாளில் 40 சொற்களை அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தெரியும்", "தெரியாது" என்று டிக் போடச் சொல்லுங்கள். அதில் 30 உங்கள் பட்டியலிலிருந்து எடுத்த உண்மையான சொற்கள், 10 நீங்களே இட்டுக்கட்டியவை. "சாய்வுநிலை வருவாய்", "இரட்டைப் பிறப்பு அடர்த்தி" என்பது போல, காதில் கேட்டால் பாடச்சொல்போல் இருக்க வேண்டும், ஆனால் எந்தப் புத்தகத்திலும் இருக்கக்கூடாது. எழுதியதும் பொருளியல் படித்த இன்னொருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். நாம் இட்டுக்கட்டியது எங்கோ புழக்கத்தில் இருந்துவிடக்கூடும்.

ஒரு மாணவர் 30-இல் 24 உண்மைச் சொற்களைத் தெரியும் என்கிறார், அதாவது 80 சதவீதம். 10 பொய்ச் சொற்களில் 4-ஐயும் தெரியும் என்கிறார், அதாவது 40 சதவீதம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் 40 வருகிறது. அவருடைய "தெரியும்" என்பதில் பாதியைத்தான் நம்பலாம். இதற்கு மதிப்பெண் தரக்கூடாது. மதிப்பெண் என்றவுடன் எல்லாவற்றுக்கும் டிக் விழும். தாள் முடிந்ததும் அதில் சில சொற்கள் இல்லாதவை என்று மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது "சாய்வுநிலை வருவாய்" என்று பரீட்சையில் எழுதி வைப்பார்கள்.

கேள்வி எழுதும் வேலை

நேரம் அதிகம் பிடிப்பதும் பலன் அதிகம் தருவதும் இந்தக் கட்டம்தான். பலவுள் தெரிவு என்றவுடன் சரியான விடையை முதலில் எழுதிவிட்டு மீதி மூன்றையும் கைக்கு வந்தபடி நிரப்புவது வழக்கம். வரிசையை மாற்றுங்கள். அந்தச் சொல்லை மாணவர்கள் எப்படியெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு தவறும் ஒரு விருப்பமாக வரட்டும்.

வேலையின்மை வீதத்தை எடுத்துக்கொள்வோம்:

ஒரு கிராமத்தில் 1,000 பேர். அவர்களில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 800 பேர். இந்த 800 பேரில் 460 பேர் வேலை செய்கிறார்கள், 40 பேர் வேலை தேடுகிறார்கள், மற்ற 300 பேர் வேலை செய்யவுமில்லை, தேடவுமில்லை. வேலையின்மை வீதம் என்ன?
அ) 4 சதவீதம்
ஆ) 5 சதவீதம்
இ) 8 சதவீதம்
ஈ) 42.5 சதவீதம்

விடை இ. உழைப்பாளர் படை 460 + 40 = 500, அதில் 40 பேர் 8 சதவீதம். "அ" போட்டவர் 40-ஐ ஊரின் மொத்த மக்கள்தொகையால் வகுத்திருக்கிறார். "ஆ" போட்டவர் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோராலும் வகுத்திருக்கிறார், உழைப்பாளர் படை என்ற சொல் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "ஈ" போட்டவர் வேலை இல்லாத 340 பேரையும் வேலையற்றோர் என்று எண்ணிவிட்டார். கல்லூரி மாணவியும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் முதியவரும் அதில் அடக்கம். மூவருக்கும் பூஜ்யம்தான், ஆனால் மறுநாள் மூவருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

எண்கள் மனக்கணக்கில் முடியும்படி இருக்கட்டும். 463-ம் 37-ம் கொடுத்தால் வகுத்தல் தெரியாதவரையும் சொல் தெரியாதவரையும் பிரித்தறிய முடியாது.

எழுத்தறிவு வீதத்துக்கும் இதே வழிதான். ஓர் ஊரில் 10,000 பேர், அவர்களில் 6 வயது வரையுள்ள குழந்தைகள் 1,000, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 7,200. இந்தியக் கணக்கெடுப்பு முறைப்படி வீதம் என்ன? 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எடுப்பதால் 7,200-ஐ 9,000-ஆல் வகுக்க வேண்டும், 80 சதவீதம். 72 என்று எழுதியவருக்கு எழுத்தறிவு தெரியும், எழுத்தறிவு வீதம் தெரியாது. மக்கள்தொகைச் சொற்களில் முக்கால்வாசி இப்படி ஏதோ ஒன்றை ஏதோ ஒன்றால் வகுப்பவைதான். கீழே வரும் எண் எது என்பதில்தான் சொல்லின் பொருள் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியில் "வரையறு" என்று கேட்பதைவிட "எதை எதால் வகுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

அடர்த்திக்குச் செயற்கையான எண் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.21 கோடி, ராஜஸ்தானுடையது 6.85 கோடி. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர், ராஜஸ்தானின் பரப்பு சுமார் 3.42 லட்சம். மக்கள்தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. அடர்த்தி இங்கே 555, அங்கே 200. நான்கு எண்களையும் கொடுத்து, "இரு மாநிலங்களையும் ஒப்பிட்டு 'மக்கள்தொகை', 'அடர்த்தி' என்ற இரண்டு சொற்களும் வரும்படி ஒரு வாக்கியம் எழுதுக" என்று கேளுங்கள். மனப்பாடம் இதற்கு உதவாது.

பற்றாக்குறைக்கு: வருவாய் வரவு 300 கோடி, வருவாய்ச் செலவு 340 கோடி, மூலதனச் செலவு 60 கோடி, கடன் அல்லாத மூலதன வரவு 10 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை 40 கோடி. மொத்தச் செலவு 400-இலிருந்து கடன் அல்லாத வரவுகள் 310-ஐக் கழித்தால் நிதிப் பற்றாக்குறை 90 கோடி. 100 என்று எழுதியவர் அந்த 10 கோடியைக் கடனோடு சேர்த்துவிட்டார்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியையும் மொத்தத் தேசிய உற்பத்தியையும் பிரித்துக் கேட்கும்போது துபாய்க்காரர் அனுப்பும் பணத்தை உதாரணமாக எடுப்பதை விட்டுவிடுங்கள். அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கி வேலை பார்ப்பவர் தேசியக் கணக்குகளின்படி இங்கே வசிப்பவர் அல்லர். அவர் வீட்டுக்கு அனுப்புவது மாற்றுத்தொகை, அதாவது கைம்மாறு இல்லாமல் கைமாறும் பணம். உழைப்புக்கோ மூலதனத்துக்கோ கிடைக்கும் காரணி வருமானம் அல்ல. வழிகாட்டி நூல்களில் இந்தப் பிழை சாதாரணமாகக் காணப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே உருவாகும் மதிப்பு இந்தியாவின் உள்நாட்டு உற்பத்தியில் சேரும். கொரியத் தாய் நிறுவனத்துக்குச் சேரும் லாபப் பங்கு தேசிய உற்பத்தியைக் கணக்கிடும்போது கழிக்கப்படும். வெளிநாட்டிலிருந்து வரும் நிகரக் காரணி வருமானம் என்ற நீண்ட சொல் இந்த ஒரு உதாரணத்தில் விளங்கிவிடும்.

கேள்வியே தவறாகும் இடங்கள்

மக்கள்தொகைக் கேள்விகளில் ஆண்டையும் மூலத்தையும் எழுதாமல் விடுவது பெரிய பிழை. "இந்தியாவின் பாலின விகிதம் எவ்வளவு?" என்று கேட்டால் 943 சரி, 1,020-ம் சரி. முன்னது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பின்னது 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. முன்னது எல்லோரையும் எண்ணியது, பின்னது மாதிரி வீடுகளை மட்டும் எடுத்தது. "இந்தியா மக்கள்தொகையில் உலகில் இரண்டாவது" என்ற பழைய ஒரு மதிப்பெண் கேள்வியும் இப்போது செல்லாது. 2023-இல் இந்தியா சீனாவை முந்தியதாக ஐ.நா. கணித்தது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்களையே இன்னும் பயன்படுத்துகிறோம். "2011 கணக்கெடுப்பின்படி" என்று ஒவ்வொரு கேள்வியிலும் எழுதுங்கள்.

பாலின விகிதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று கணக்கிடுகிறோம். உலக அளவிலான அட்டவணைகளில் பெரும்பாலும் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று இருக்கும். சார்ந்தோர் விகிதத்திலும், அதாவது உழைக்கும் வயதினருக்கு எத்தனை குழந்தைகளும் முதியோரும் என்ற கணக்கிலும், முதியோர் வயது 60-இல் தொடங்குகிறதா 65-இல் தொடங்குகிறதா என்பது மூலத்துக்கு மூலம் மாறும். எந்த முறை என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

விருப்பங்களில் சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால் பாடம் படிக்காதவரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். நான்கையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் எழுதுங்கள். கேள்வியில் உள்ள சொல்லே ஒரு விருப்பத்தில் மட்டும் வந்தாலும் இதே கதைதான். "மேற்கண்ட அனைத்தும்" வேண்டாம், இரண்டு சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் அதைப் போட்டுவிடலாம். "எது அல்ல?" என்று கேட்டே ஆக வேண்டுமென்றால் "அல்ல" என்பதை அடிக்கோடிடுங்கள். பொருத்துக கேள்வியில் 6 சொற்களுக்கு 6 விளக்கம் கொடுத்தால் கடைசி ஒன்று இலவசமாகக் கிடைத்துவிடும், 8 விளக்கம் கொடுங்கள். பொருளியலையும் மக்கள்தொகையையும் ஒரே பொருத்துகவில் கலக்காதீர்கள். ஒரே குடும்பத்துச் சொற்களாக இருந்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

தாளின் அளவு

40 நிமிடத்துக்கு இந்த அளவு சரியாக வரும்:

- பலவுள் தெரிவு 12, தலா 1 மதிப்பெண், 12 நிமிடம்
- பொருத்துக 6, தலா 1 மதிப்பெண், 5 நிமிடம்
- சிறு கணக்கு 3, தலா 2 மதிப்பெண், 10 நிமிடம்
- வேறுபடுத்துக 3, தலா 2 மதிப்பெண், 10 நிமிடம்

மீதி 3 நிமிடம் சரிபார்க்க. 12 பலவுள் தெரிவில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சராசரியாக 3 கிடைக்கும் என்பதை மதிப்பெண் பார்க்கும்போது மறக்க வேண்டாம். அந்தப் பகுதியில் 4 எடுத்தவருக்கு ஏதோ தெரியும் என்று முடிவு கட்ட முடியாது. 40 சொற்களும் ஒரே தாளில் அடங்காது, பாதியைப் பருவத்தின் இரண்டாவது தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தும்போது

வேறுபடுத்துக பகுதிதான் கைக்குக் கை மாறும். "பிறப்பு வீதம், மொத்தக் கருவள வீதம் வேறுபடுத்துக" என்ற கேள்விக்கு மூன்று விடைகளைப் பார்ப்போம்.

"பிறப்பு வீதம் ஓர் ஆண்டில் 1,000 பேருக்கு எத்தனை குழந்தை பிறந்தது என்பது. கருவள வீதம் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்பது." இதற்கு 2. வாழ்நாள், வயதுவாரி வீதம் என்ற நுணுக்கம் இல்லை, ஆனால் எதால் வகுக்கிறோம் என்பது இரண்டிலும் சரி. இந்த வகுப்புக்கு அது போதும்.

"பிறப்பு வீதம் ஆயிரம் பேருக்குக் கணக்கிடப்படும். கருவள வீதம் சதவீதத்தில் கணக்கிடப்படும்." இதற்கு 1. ஒரு பக்கம் சரி.

"பிறப்பு வீதம் என்பது குழந்தைகள் பிறக்கும் வீதம். கருவள வீதம் என்பது பெண்களின் கருவளத்தைக் குறிக்கும் வீதம்." இதற்கு 0. சொல்லைப் பிரித்து நீட்டி எழுதியிருக்கிறார், புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்து அழகாகவும் வாக்கியம் முழுமையாகவும் இருப்பதால் இதற்கு 1 போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. போடாதீர்கள்.

எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். "பனவீக்கம்" என்று எழுதி விளக்கம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். ஆங்கில வழியில் படித்துவிட்டுத் தமிழ் வழிக்கு மாறியவர் "இன்ஃப்ளேஷன்" என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல் தெரிகிறதா என்பதைப் பொருத்துக பகுதி தனியாகக் காட்டிவிடும். முடிந்தால் முதல் 5 தாள்களை இன்னொரு ஆசிரியரும் திருத்தட்டும். 18 மதிப்பெண்ணுக்கான முதல் இரண்டு பகுதிகளில் வித்தியாசம் வரக்கூடாது. வேறுபடுத்துகவில் 2 மதிப்பெண்ணுக்கு மேல் விலகினால் விடைக்குறிப்பு தெளிவாக இல்லை என்று பொருள்.

கேள்விகளுக்கும் மதிப்பெண் போடுங்கள்

40 பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் எடுங்கள், தலா 11 தாள் வரும். ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 9 பேர், கீழ்க்குழுவில் 4 பேர் சரி. 9-இலிருந்து 4-ஐக் கழித்து 11-ஆல் வகுத்தால் 0.45. நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் அந்தக் கேள்வி எவ்வளவு பிரிக்கிறது என்பதை இந்த எண் காட்டும். நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் திருத்தி எழுத வேண்டும். எதிர்மறையாக வந்தால், அதாவது நன்றாகப் படிப்பவர்கள்தான் அதிகம் தவறவிட்டார்கள் என்றால், விடைக்குறிப்பில் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் கேள்விக்கு இரண்டு சரியான விடை இருக்கக்கூடும், ஆழமாக யோசித்தவர் இரண்டாவதைப் பிடித்திருப்பார். 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒருவர் மாறினாலே 0.09 நகரும். அதனால் ஒரே வகுப்பின் எண்ணை வைத்துக் கேள்வியைக் குப்பையில் போடாமல் அடுத்த ஆண்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

யாருமே தேர்ந்தெடுக்காத விருப்பம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, வேறுபடுத்துக பகுதியில் மாணவர்களே எழுதிய தவறு ஒன்றை அங்கே வையுங்கள். நாம் கற்பனை செய்யும் தவறுகளைவிட அவர்கள் கையால் எழுதிய தவறுகளே நல்ல விருப்பங்கள் ஆகின்றன.

பிறகு ஒரு கட்டம் போடுங்கள்: மாணவர் பெயர் கீழாக, கேள்வி எண் குறுக்காக, கட்டத்துக்குள் சரி தவறுக்குப் பதில் அவர் போட்ட எழுத்து. வேலையின்மைக் கேள்வியின் நெடுவரிசையில் "ஈ" 15 தடவை வந்தால் உழைப்பாளர் படையை வகுப்பு முழுவதற்கும் மீண்டும் நடத்த வேண்டும். 3 தடவை மட்டும் வந்தால் அந்த மூவரையும் அழைத்து வாய்மொழியாகப் பேசினால் போதும். அப்போது ஒருவருக்கு 2 நிமிடம் ஒதுக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உதாரணமாக: "ஐந்தாவது குடும்பநல ஆய்வில் இந்தியாவின் கருவள வீதம் 2.0. ஒரு தலைமுறை தன்னை அதே அளவில் ஈடுகட்டிக்கொள்ளத் தேவையான ஈடுசெய் நிலை 2.1, அதற்குக் கீழே வந்துவிட்டது. பின் ஏன் மக்கள்தொகை இன்னும் கூடுகிறது?" பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் தொகை பெரிது, ஆளுக்குக் குறைவாகப் பெற்றாலும் பிறப்புகள் இறப்புகளைவிட அதிகம் என்ற திசையில் பேசத் தொடங்கினாலே அந்தச் சொல் அவர் கைக்கு வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அதே சொற்களுக்கு எண்களையும் ஊர்களையும் மாற்றி இன்னொரு தாள் கொடுங்கள். மறுவாரமே கொடுத்தால் பழைய தாளின் நினைவைத்தான் அளப்பீர்கள். 460, 40, 300 என்று இருந்ததை 540, 60, 200 என்று மாற்றினால் விடை 10 சதவீதம். தவறான வழிகளும் புதிய எண்களில் 6, 7.5, 32.5 என்று தனித்தனியாக விழுகின்றனவா என்று தாளை அச்சடிக்கும் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.